சிவப்பு விளக்கில் வழியும் வியர்வை

காலை எட்டு மணிக்கு சிராங்கூன் சாலையில் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்வரை உடம்பு சமாளித்துவிடும். தேக்கா அருகே சிவப்பு விளக்கு விழுந்து, காலைத் தரையில் ஊன்றிய மறுநிமிடம் கழுத்தும் முதுகும் தொப்பலாக நனைந்துவிடும். அவ்வளவு நேரம் இல்லாத வியர்வை எங்கிருந்து வந்தது?

வியர்வை முன்பே வந்துகொண்டுதான் இருந்தது. எதிர்க்காற்று அதை ஆவியாக்கிக்கொண்டே இருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை. தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. பெடலில் 150 வாட் கொடுத்தால் உடம்புக்குள் சுமார் 450 வாட் வெப்பம் சேரும். அதை வெளியேற்ற மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான வியர்வை போதும். ஆனால் அத்தனையும் ஆவியாக வேண்டும். சொட்டி விழும் வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டுக்கும் மேல்.

நம் தீவில் மிக உயரமான புக்கிட் தீமா குன்றே ஏறக்குறைய 164 மீட்டர்தான். இங்கே ஏறவேண்டிய மலை வெயில். நல்ல செய்தி, அந்த மலையை ஏற உடம்பு கற்றுக்கொள்ளும். பத்து, பதினான்கு நாள் அளவோடு வெயிலில் பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறையும், அதே வேகத்துக்கு இதயம் குறைவாகத் துடிக்கும். சில வாரம் விட்டுவிட்டால் எல்லாம் போய்விடும். விலையுயர்ந்த சைக்கிள் இதற்கு ஈடாகாது. (அதை வாங்க அப்பாவை நச்சரிக்கும் தம்பிகள் மன்னிக்கவும்.)

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. குழந்தைப் போராளிகளின் மறுவாழ்வுக்கு நிதி திரட்ட சைக்கிளோட்டம் என்று பள்ளியில் அறிவித்தால் நீங்கள் உடனே கை தூக்குவீர்கள். ‘பணத்தைக் கொடுத்தால் போதாதா, எதற்கு வியர்வை?’ என்று ஒருவர் கேட்பார். நானும் அப்படிக் கேட்டவன்தான். 2011-ல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீட்டர் நடந்து பணம் திரட்டினார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. முகம் தெரிந்த ஒருவர் பல வாரம் உழைப்பதைப் பார்க்கும்போது மனிதர்கள் பையைத் திறக்கிறார்கள். அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

எனக்குப் பிடிக்காதது வேறு. ‘அவர்கள் வலியை நாமும் உணர்வோம்’ என்று சட்டையில் அச்சடிப்பது.

இது தமிழர்களுக்குத் தூரத்துக் கதை இல்லை. 2003 முதல் 2008 வரை விடுதலைப் புலிகள் சிறுவர்களைச் சேர்த்ததாக 6,000-க்கும் மேற்பட்ட சம்பவங்களை யுனிசெஃப் பதிவு செய்தது. பிரிந்துபோன கருணா அணியும் அதையே செய்தது. 2009-ல் போர் முடிந்தபின் மறுவாழ்வுக்கு அனுப்பப்பட்டவர்களில் 594 பேர் 12 முதல் 18 வயதுக்குள் இருந்தவர்கள். உங்கள் வயது.

ஏன் அந்த வயதைத் தேடுகிறார்கள்? ஏகே-47 துப்பாக்கி ஏறத்தாழ நான்கு கிலோ. உங்கள் புத்தகப்பை அதைவிடக் கனமாக இருக்கலாம். ஆபத்தை எடைபோடும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். பழக்கினால் உடம்பும் மூளையும் வேகமாக மாறும் பருவம் இது. உங்களைச் சைக்கிளோட்டியாக்கும் அதே தன்மையைத்தான் முகாமும் பயன்படுத்திக்கொள்கிறது.

ஆனால் பயிற்சியின்போது தலை சுற்றினால், வெயிலிலும் உடம்பு சில்லிட்டால் நீங்கள் இறங்கி நிழலுக்குப் போகலாம், போகத்தான் வேண்டும். நாளைக்கு வரமாட்டேன் என்றும் சொல்லலாம். முகாமில் இருந்த பிள்ளைக்கு அந்தச் சொல் இல்லை. அதனால் இரண்டு வலியும் ஒன்றல்ல. படைக்குழுக்கள் 18 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்க்கக்கூடாது என்னும் ஐநா உடன்பாடு 2002 பிப்ரவரி 12 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு அது தருவதும் ‘மாட்டேன்’ என்று சொல்லும் இடத்தைத்தான்.

துப்பாக்கியைக் கீழே வைத்த பிள்ளைக்கு அடுத்து வேண்டியது விட்ட வகுப்பு, ஒரு தொழில், இரவில் தூக்கம், பயப்படாத அண்டை வீட்டார். வெயிலுக்குப் பழகுவதுபோல் இரண்டு வாரத்தில் இது நடக்காது. ஆகவே ஒருநாள் ஓட்டத்துக்கு ஒருமுறை நன்கொடை என்பது போதவே போதாது என்பது என் கருத்து. ஆதரவு தருபவர்களிடம் மாதம் ஐந்து வெள்ளி, இரண்டு ஆண்டுக்குக் கேளுங்கள். பணம் எந்த அமைப்புக்கு, எந்தப் பணிக்குப் போகிறது என்று ஏற்பாட்டாளரிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஓட்டத்துக்கு எட்டு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். முதல் வாரம் காலாங் ஆற்றோரம் வரை போய்த் திரும்பினால் போதும். பிறகு ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. தலைக்கவசம், தண்ணீர், கூட ஒரு நண்பர். யாராவது ஒருவர் ‘நிறுத்தலாம்’ என்றால் எல்லாரும் நிறுத்துங்கள்.