சாம்பலும் சந்தனமும் போதும்

தீபாவளிக்கு எடுத்த கல் அட்டிகையை மறுநாள் அலுவலகக் கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போக முடியாது. வெறுங்கழுத்தோடு போகவும் மனம் வராது. அதனால்தான் வேலைக்குப் போகும் நம் பெண்கள் பலர் கையால் கோத்த மணிமாலைகளின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். அதிலும் தந்தம், சந்தனம், மணல், கோப்பி, சாம்பல், கறுப்பு என்று அடங்கிய நிறங்களைத்தான் அதிகம் தேடுகிறார்கள். கைவினைக் கடைகளில் இவற்றை ‘நியூட்ரல்’ நிறங்கள் என்பார்கள்.

வீட்டில் மட்டும் உடனே ஒரு குரல் கேட்கும்: “என்னடி இது, சாயம் போன மாதிரி இருக்கு? நல்ல நாளும் அதுவுமா பளிச்சுன்னு ஒன்னு போடக்கூடாதா?”

சாயம் போனதா?

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட வேண்டாம். வெளிறிய நிறத்தைத் துக்கத்தோடும் துறவோடும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நம்மிடம் மட்டும் என்றில்லை. மலாக்கா, பினாங்கு நியோன்யா பெண்களும் துக்கம் காக்கும் நாளில் தங்கத்தையும் வைரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளியும் முத்தும் அணிந்தார்கள். ஆகவே, கல்யாண வீட்டில் ஒரு பாட்டி முகம் சுளித்தால் அதில் அர்த்தம் இருக்கிறது. அங்கே போகும்போது சந்தன நிற மாலையோடு ஒரு சரம் பொன்மணி சேர்த்துக்கொண்டால் போதும், இரு தரப்புக்கும் சம்மதம்.

ஆனால், நம் வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூசை அறையைத் திறந்து பாருங்கள். ருத்ராட்சம் பழுப்பு, துளசி மணி வெளிர்பழுப்பு, ஸ்படிகம் நீர்நிறம், சங்கு வெள்ளை, விபூதி சாம்பல். வாசலுக்கு வாருங்கள். சாணம் மெழுகிய தரையில் அரிசி மாவுக் கோலம். இரண்டே நிறம், இழையும் புள்ளியும்தான் கண்ணில் படுகின்றன. வண்ணப்பொடி ஏறிய கோலத்தில் ஓர் இழை கோணினால் தெரியாது. வெள்ளைக் கோலத்தில் உடனே தெரிந்துவிடும். அடங்கிய நிறத்தில் வேலை செய்பவருக்கு இது முதல் பாடம்: நிறம் குறையக் குறைய, கையின் நேர்த்திதான் முன்னால் வந்து நிற்கும்.

மணி கோப்பதும் நமக்குப் புதிதல்ல. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் பளிங்கும் சூதுபவளமும் தேய்த்து மணியாக்கிய பட்டறைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் கண்ணாடி மணி செய்தார்கள். கடல் தாண்டி இங்கே, கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ள சுங்கை மாஸிலும் கண்ணாடி மணிகளோடு, அவற்றை அங்கேயே செய்ததற்கான அடையாளங்களும் கிடைத்தன. பள்ளி விடுமுறையில் மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போனால் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய மணிகளைக் காட்டலாம்.

மூன்று நிறம், ஒரு மாலை

முதல் மாலைக்கு மூன்று நிறங்களுக்கு மேல் வேண்டாம். ஒன்று வெளிர், ஒன்று இடைநிறம், ஒன்று கருமை. ஐந்து பங்கு வெளிர், மூன்று பங்கு இடைநிறம், ஒரு பங்கு கருமை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மணியும் பளபளத்தாலும் அலுக்கும், எல்லாம் மங்கலாக இருந்தாலும் உயிர் இருக்காது. தேங்காய்ச் சிரட்டை மணி, மரமணி போன்ற மங்கலான மணிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு முத்தோ ஸ்படிகமோ வந்தால் கண் அங்கே போய் நிற்கும்.

நம் மாநிறத்துக்கு ஒரு குறிப்பு. தோலின் நிறத்துக்கு மிக நெருக்கமான பழுப்பு மணி, கழுத்தில் போட்டதும் காணாமல் போய்விடும். அதைவிட ஒரு படி வெளுத்த சங்கு நிறமோ, ஒரு படி கறுத்த கோப்பி நிறமோ எடுப்பாக இருக்கும். கடையில் மணியை உள்ளங்கையில் வைத்துப் பார்க்காதீர்கள்; புறங்கையில் வைத்துப் பாருங்கள்.

சிறு கண்ணாடி மணிகளின் அளவு எண் தலைகீழாக ஓடும். எண் கூடக் கூட மணி சிறுக்கும். 11-ஆம் எண் மணி சுமார் 2 மில்லிமீட்டர், 8-ஆம் எண் சுமார் 3 மில்லிமீட்டர். தொடங்குபவர்களுக்கு 8-ஆம் எண் நல்லது, கண்ணுக்கு வலியில்லை. காறை எலும்பைத் தொட்டு நிற்க 18 அங்குலம் வேண்டும். குர்த்தாவின் மேல் தொங்க 24 அங்குலம்.

கோப்பதற்கு நைலான் பூசிய மெல்லிய எஃகுக் கம்பி வாங்குங்கள். இழுபடும் ரப்பர் நூல் நம் ஊர் வேர்வையில் சீக்கிரம் தளர்ந்துவிடும். இரு முனையிலும் ஒரு சிறு உலோகக் குழல்மணியைக் கோத்து, கொக்கி வளையத்துக்குள் கம்பியைச் சுற்றி, மறுபடி அந்தக் குழலுக்குள்ளேயே விட்டு, குறட்டால் நசுக்கினால் பிடித்துக்கொள்ளும். கம்பியை விறைப்பாக இழுத்துவிடாதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் தளர்வு இருந்தால்தான் மாலை கழுத்தில் வளைந்து படியும். கொக்கி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

மணிக்காகத் தனியே அலைய வேண்டியதில்லை. ருத்ராட்சமும் துளசி மணியும் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா, கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பூசைக் கடைகளிலேயே கிடைக்கும். செபத்துக்கு வைத்திருந்த மாலையை மட்டும் அறுத்துக் கோக்க வேண்டாம், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ரப்பர் கொட்டைப் பதக்கம்

இந்த நிற வரிசைக்கென்றே நம் மண்ணில் பிறந்தது போன்ற ஒன்று இருக்கிறது: ரப்பர் கொட்டை. பழுப்பில் வெள்ளிப் புள்ளி தெளித்த வழவழப்பான ஓடு. ஒவ்வொரு கொட்டையிலும் ஒவ்வொரு கோலம். இரண்டு கொட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கையால் ஓங்கி அடித்து, எது உடைகிறது என்று பந்தயம் கட்டியவர்கள் இன்று தாத்தா பாட்டியாகிவிட்டார்கள். அவர்களிடம் ஒரு பதக்கத்தைக் கொடுத்துப் பாருங்கள், தோட்டத்துக் கதை தானாக வரும்.

கொட்டையை இரண்டு மூன்று வாரம் நன்றாகக் காயவிடுங்கள். சிறு கைத்துளைப்பானால் மெதுவாகத் துளையிடுங்கள், அவசரப்பட்டால் ஓடு பிளக்கும். உள்ளே இருக்கும் பருப்பைக் கம்பியால் குடைந்து எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் பூச்சி வரும். பச்சைப் பருப்பு நச்சுத்தன்மை உடையது, ஆகவே இந்த வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும், சிறு பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். கடைசியில் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு.

பழைய புத்தகம், புதிய பக்கம்

மாலை கோத்து மிஞ்சிய மணி, அறுந்துபோன அம்மாவின் சரம், ஒற்றைத் தோடு, மங்கிய புகைப்படம். இவற்றை எங்கே வைப்பது? பழைய புத்தகம் ஒன்றையே கலைப்பொருளாக மாற்றி அதற்குள் வைக்கிறார்கள் கைவினைக்காரர்கள்.

ஆங்கிலேய ஓவியர் டாம் பிலிப்ஸ் 1966-இல் லண்டனில் மூன்று பென்ஸுக்கு ஒரு பழைய நாவலை வாங்கினார். 1892-இல் வெளிவந்து மறக்கப்பட்ட கதை. அதன் பக்கங்களில் சில சொற்களை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் ஓவியமாக்கினார். ‘எ ஹியூமுமென்ட்’ என்ற அந்த நூலை விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார். இறுதிப் பதிப்பு 2016-இல் வந்தது.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கெட்டி அட்டையும் தைத்த முதுகும் கொண்ட புத்தகம் ஒன்றை எடுங்கள். மூன்று தாளுக்கு ஒன்று வீதம், முதுகோரம் விரல் அகலம் விட்டு வெட்டி நீக்குங்கள். இல்லாவிட்டால் பொருள்களை ஒட்டிய பிறகு புத்தகம் மூடாது. மூன்று நான்கு தாள்களைச் சேர்த்து வெள்ளைப் பசையால் ஒட்டினால் ஒரு கெட்டிப் பக்கம் கிடைக்கும். மைதாப் பசை வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததாகிவிடும். பால் சேர்க்காத கடுந்தேயிலைச் சாற்றைத் தூரிகையால் தடவிக் காயவிட்டால் பக்கம் சந்தன நிறமாகும், கோப்பி தடவினால் இன்னும் அடரும். பத்துப் பதினைந்து தாள்களை ஒட்டி, நடுவில் சதுரமாக வெட்டினால் ஒரு சிறு மாடம் கிடைக்கும். அறுந்த சரம் அதற்குள் போகட்டும். சுற்றிலும் தந்தமும் சாம்பலுமாக இருக்கும்போது அந்தப் பத்து மணிகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

எதை வெட்டலாம்?

கால் பட்டால் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவருக்குக் கத்தி எடுக்கக் கை கூசும். கூசுவது நல்லதுதான். வெட்டும் முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இதன் வேறு பிரதிகள் எளிதில் கிடைக்குமா? இதில் யாருடைய கையெழுத்தாவது இருக்கிறதா? இது இந்நாட்டில் அச்சான தமிழா?

காலாவதியான கணினிக் கையேடு, பழைய தொலைபேசிப் புத்தகம், நிறுவனம் தந்த நாட்குறிப்பு ஆகியவற்றைத் தாராளமாக வெட்டுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், சங்கத்து நினைவு மலர் ஆகியவற்றைத் தொடாதீர்கள். இவை சில நூறு பிரதிகளே அச்சாகியிருக்கும். அந்தத் தோட்டமே இன்று வீடமைப்புப் பகுதியாகியிருந்தால், அங்கே படித்த பிள்ளைகளின் பெயர் அந்த மலரில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019-இல் நின்றுபோனது. அதன் பழைய இதழ் ஏதாவது தாத்தாவின் பெட்டியில் இருந்தால், நகலெடுத்து நகலை ஒட்டுங்கள். மூலம் அப்படியே இருக்கட்டும்.

அறுந்த சரத்துக்கும் இதே விதிதான். அது உங்கள் கையில் இருக்கிறது என்பதற்காக உங்களுடையது ஆகிவிடாது. அம்மாவிடமோ சித்தியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கோத்துவிடுங்கள்.

முடிந்த புத்தகத்தைக் காற்றோட்டமான அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் எதுவும் ஒட்டாமல் விட்டு, இந்த மணி யாருடையது, எந்த ஊரில் போட்டிருந்தார், எந்த ஆண்டு அறுந்தது என்று கறுப்பு மையால் எழுதிவையுங்கள். இருபது வருடம் கழித்துப் புத்தகத்தைத் திறக்கும் பேத்தி முதலில் தேடப்போவது அதைத்தான்.