'லாம்' என்ற ஒரு விகுதி

நம்மாளு ஒருத்தர் பதவி உயர்வு வாங்கிட்டாப் போதும், ஆபீஸ்ல எல்லாருக்கும் அரசியல் சட்டம் ஞாபகத்துக்கு வந்துடும். தகுதி, திறமை, சீனியாரிட்டி என்ற மூன்று வார்த்தைகளும் டீ டம்ளரோடு மேசை மேசையாய்ச் சுற்றும். புதுச்சேரியில் வங்கிக் கவுண்டரில் பணம் எண்ணுகிற எழுத்தர் நான், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கக்கூஸ் கழுவுற வேலைக்குத் தகுதி பத்தி எவனும் பேசிக் கேட்டதில்லை.

அந்த வழக்கு நடந்த காலத்தில் பொதுத்துறை வங்கியில் அதிகாரிகளுக்கு ஸ்கேல் 1 முதல் 7 வரை ஏழு படி இருந்தது. எழுத்தர் முதல் படி ஏற ஒதுக்கீடு உண்டு. அதுக்கு மேல? சென்ட்ரல் பாங்க் எஸ்.சி./எஸ்.டி. ஊழியர் நலச் சங்கம் இதைக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் போய் ஜெயித்தது. வங்கி மேல்முறையீடு போனது. ஸ்கேல் 6 வரைக்கும் ஒதுக்கீடு உண்டு என்று 2015 ஜனவரி 9-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியாக ஒரு வருஷம். 2016 ஜனவரி 8-இல் சீராய்வில், முன்பு சொன்னது பிழை என்று அதே நீதிமன்றம் திரும்ப வாங்கிக்கொண்டது.

எல்லாம் ஒரு சம்பளத் தொகையைச் சுற்றித்தான். குரூப் 'ஏ' பதவிகளுக்குள் உச்ச சம்பளம் 5,700 ரூபாய் (பிறகு 18,300) வரையுள்ள இடங்கள் பற்றி மத்திய அரசின் உத்தரவு ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே ஒதுக்கீடு என்று முதல் தீர்ப்பு படித்தது. அது வெறும் சலுகை என்றது சீராய்வு. என்ன சலுகை? காலியிட எண்ணிக்கைக்குள் வருகிற அளவுக்கு நீ சீனியராக இருந்து, 'லாயக்கில்லை' என்ற முத்திரையும் விழாமல் இருந்தால், பட்டியலில் சேர்ப்பார்களாம். ஏற்கெனவே வரிசையில் முன்னால் நிற்கிறவனைத் தள்ளிவிடாமல் இருப்பதற்குப் பேர் சலுகை!

மண்டல் வழக்கில் 1992-இல் பதவி உயர்வு ஒதுக்கீட்டுக் கதவை மூடினார்கள். 1995-இல் 77-ஆவது திருத்தம் திறந்தது. சீனியாரிட்டியில் கை வைத்தார்கள். 2001-இல் 85-ஆவது திருத்தம் அதை மீட்டது. ஆனாலும் 16(4அ) பிரிவு 'தரலாம்' என்கிறது, 'தர வேண்டும்' என்று சொல்லவில்லை. நான் கவிதை எழுதுகிறவன். ஒரு விகுதியில் எத்தனை பேர் பிழைப்பு தொங்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த 'லாம்'-ஐ 'வேண்டும்' ஆக்கி விதி எழுத வேண்டியது அரசு. நீதிமன்றப் படியையே பார்த்துக்கொண்டு நிற்பதில் பிரயோஜனமில்லை.

தோழர்களே, பஞ்சப்படி பைசா குறைந்தால் எல்லாரும் ஒன்றாய்க் கொடி பிடிக்கிறோம். ரோஸ்டர் என்றால் மட்டும் 'அது உங்க சங்கத்து விஷயம்' என்று விலகுகிறார்கள். விலகுகிறவனும் தொழிற்சங்கவாதிதானா?

போதிய இடம் இல்லை என்பதற்குக் கணக்கு வேண்டும் என்றது 2006 நாகராஜ் தீர்ப்பு. அந்தக் கணக்கைப் பதவி வாரியாக எடு என்றது 2022 ஜர்னைல் சிங் தீர்ப்பு. எடுக்க வேண்டியது நாமில்லை, அரசு. சாயங்காலம் ஒரு ரூபாய் இடித்தாலும் டேலி ஆகாமல் எங்களை வீட்டுக்கு விடாத வங்கிக்கு, எந்த ஸ்கேலில் நம்மாட்கள் எத்தனை பேர் என்று எண்ணிச் சுவரில் ஒட்ட எவ்வளவு நேரமாகும்?