பழுது நீக்குதலும் வாசிப்பே

நம் கல்லூரி அலுவலகங்களிலும் தமிழ்த்துறைகளிலும் கணினி முரண்டு பிடித்தால் இரண்டே தீர்ப்புகள்தாம் வழக்கில் உள்ளன. 'வைரஸ் வந்துவிட்டது' என்பது ஒன்று. 'ஃபார்மட் செய்துவிடலாம்' என்பது மற்றொன்று. முன்னது நோயின் பெயர், பின்னது மருந்து. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய நோயறிதல் என்னும் படி காணாமற் போய்விட்டது. பழுதைக் கண்டறிவது பொறியியல் படித்தவர்க்கே உரிய வித்தை என்னும் எண்ணமே இதற்குக் காரணம். என் கருத்து வேறு. அலுவலகக் கணினிகளில் நாம் அன்றாடம் காணும் கோளாறுகளுள் பல, திரையில் இருப்பதைக் கவனமாக வாசித்தாலே பிடிபடக்கூடியவை. வாசிப்பையே தொழிலாகக் கொண்ட நாம் அதிலிருந்து ஒதுங்கி நிற்பது பொருந்தாது.

'தமிழ் சரியாகத் தெரியவில்லை' என்னும் புகாரையே எடுத்துக்கொள்வோம். இந்த ஒரு தொடருக்குள் நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் பொருளற்ற வரிசையில் தெரிகின்றன. 'தமிழ்' என்னும் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. இது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கான எண்களே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருந்தது. அது இல்லாத கணினியில் போர்வை விலகிவிட்டது. எழுத்துருவை நிறுவினாலோ, மாற்றி மென்பொருள்வழி ஒருங்குறிக்குக் கொண்டுவந்தாலோ தமிழ் மீண்டுவிடும்.

வெறும் கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் ஒருங்குறிப் பனுவல் பத்திரமாக இருக்கிறது, அதற்குரிய வடிவங்கள் அந்த எழுத்துருவில் இல்லை என்று பொருள். தலைக்குறியிட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் அமைந்த 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால், யுடிஎஃப்-8 முறையில் சேமித்ததை வேறு முறையில் திறந்திருக்கிறோம். உரிய முறையைத் தேர்ந்து திறந்தால் போதும். நான்காவதுதான் கொடியது. எழுத்துக்கு எழுத்து கேள்விக்குறியாக மாறியிருந்தால், சேமிக்கும்போதே தமிழ் அழிந்துவிட்டது. அந்தப் படியிலிருந்து எதையும் மீட்க இயலாது; மூலக் கோப்பைத்தான் தேட வேண்டும். பழைய விண்டோஸ் நோட்பேட் இந்த இழப்பைப் பற்றிச் சேமிக்குமுன் தெளிவாக எச்சரித்தது. அதைப் படியாமல் 'ஓகே' அழுத்தியவர்கள் எத்தனை பேர்!

இக்குழப்பத்துக்கு வரலாறு உண்டு. தனியார் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் வழியில் சென்ற காலத்தில், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இணையத் தமிழர் பலர் டிஸ்கி குறியேற்றத்தைப் பயன்படுத்தினர். 1991 முதலே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் இருந்தும், 2010இல்தான் தமிழக அரசு அதனையும் டேஸ்16 முறையையும் தரமாக அறிவித்தது. அதற்கு முன் எழுதப்பட்ட வினாத்தாள்களும் ஆய்வேடுகளும் கருத்தரங்கக் கட்டுரைகளும் பழைய குறியேற்றங்களிலேயே உறங்குகின்றன. ஆணை பிறந்த நாளில் அவை தாமாக மாறிவிடவில்லை.

ஒருங்குறிக்கு வந்த பின்னரும் தொல்லை முற்றும் தீரவில்லை. 'ஔவை' என்று தேடினால், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி எழுதிய 'ஒளவை' அகப்படாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் இத்தகைய இடர்களை நன்கறிவர். புள்ளி இடாத ஏட்டில், ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும் ஏட்டில், எது எது என்று தேர்ந்து படித்தே உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். எழுத்து விளங்கவில்லையே என்று அவர் ஏட்டை ஆற்றில் விடவில்லை. வேறு படிகளைத் தேடிச் சென்று ஒப்பிட்டார்.

அந்த ஒப்பிடும் முறையே வலையமைப்புக் கோளாறுக்கும் பொருந்தும். 'நெட் இல்லை' என்றதும் எல்லாவற்றையும் அணைத்துப் போடுவதற்குமுன், அடுத்த மேசைக் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருந்தால் குறை இந்தக் கணினியிலோ இதன் கம்பியிலோ இருக்கிறது. கம்பி செருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா? எரிந்தால் கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். ரவுட்டரிடமிருந்து முகவரி பெறாத விண்டோஸ் கணினி தானாகச் சூட்டிக்கொள்ளும் முகவரி 169.254 என்று தொடங்கும். எல்லாக் கணினிகளிலும் அதுவே தெரிந்தால் ரவுட்டர் பக்கம் திரும்ப வேண்டும். முகவரி சரியாக இருந்து, வெளித்தளங்களின் எண் முகவரிகளுக்கு மறுமொழி வந்து, பெயர்களுக்கு மட்டும் வரவில்லையெனில், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில் குறை. மின்தடைக்குப் பின் பிரிண்டர் அச்சிட மறுத்தால், அதற்குப் புதிய முகவரி கிடைத்திருக்க, கணினி பழைய வீட்டுக்கே தாள்களை அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை திரும்ப வராது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, ஆளைக் கூப்பிட்டால் ஆயிற்று என்பீர்கள். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பல ஆண்டுகள் சிற்றூர்களில் திரட்டிய ஒப்பாரிப் பாடல்கள் துறைக் கணினியில் இருந்தன. ஒருநாள் அவை 'குப்பை எழுத்தாக' வந்தன. பழுது பார்க்க வந்த இளைஞர் வழக்கமான மருந்தைக் கொடுத்தார். கணினி புத்தம் புதிதாக வேலை செய்தது, பாடல்கள் இல்லை. படியும் இல்லை. பாடிய மூதாட்டியரில் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர். இல்லாமற் போயிருந்தது ஓர் எழுத்துரு மட்டுமே. அந்த இளைஞரைக் குறைசொல்வதில் நியாயமில்லை. அவருக்கு அது குப்பையாகத்தான் தெரியும். அது குப்பையன்று என்று சொல்லத் தெரிந்த ஒருவர் துறையில் இருந்திருக்க வேண்டும்.

நிற்க. நான் பார்த்த சில முதுகலைப் பாடத்திட்டங்களில் 'கணினித் தமிழ்' என்னும் தாள், கணினியின் தலைமுறைகளை மனப்பாடம் செய்வதில் தொடங்குகிறது. அந்த அலகை நீக்கிவிட்டு, பாமினியிலும் வானவில்லிலும் டிஸ்கியிலும் அமைந்த பழைய கோப்புகளைக் கொடுத்து, குறியேற்றத்தை இனங்கண்டு ஒருங்குறிக்கு மாற்றச் சொல்லலாம். ஒவ்வொரு துறையும் தன் பழைய கோப்புகளை எழுத்துருப் பெயரோடு பட்டியலிட்டு, இரண்டு இடங்களில் படியெடுத்து வைக்கலாம். 'ஃபார்மட்' என்னும் சொல் எழும்போது மூன்று கேள்விகளையேனும் கேட்போம்: திரையில் என்ன எழுதியிருந்தது? எப்போது தொடங்கியது? வேறு கணினியிலும் அப்படித்தானா? பாடபேதம் பார்க்கக் கற்றவர்களுக்கு இவை கடினமான கேள்விகள் அல்ல. கேட்கும் பொறுமைதான் வேண்டும்.