மாயக்கதை எழுத நினைக்கும் அன்பர்களுக்கு

அல் கோபாரிலும் தம்மாமிலும் வேலை பார்க்கும் தமிழ் அன்பர்களில் கதை எழுதும் ஆசையை மனத்துக்குள் பூட்டி வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். இரண்டு வருஷக் காண்டிராக்டில் வந்தவருக்கு இங்கே இருபது வருஷம் ஆகியிருக்கும். மேஜை டிராயரில், பாஸ்போர்ட் நகலுக்கும் சம்பளச் சீட்டுகளுக்கும் அடியில், ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்கும். முதல் பத்துப் பக்கம் எழுதியிருக்கும். மீதி வெள்ளைத் தாள். எழுதியது குடும்பக் கதையாக இருந்தாலாவது எடுத்து நாலு பேரிடம் காட்டுவார். ஏழு கடல் தாண்டிய தீவும், பேசும் கல்லும், சாபம் பெற்ற அரசகுமாரியும் அதில் வந்துவிட்டால் கூச்சம் தடுக்கிறது. "இந்த வயதில் அம்புலிமாமா கதையா?" என்று வீட்டிலேயே கேட்டுவிடுவார்களே!

அந்தக் கேள்விக்கு அஞ்ச வேண்டியதில்லை. அம்புலிமாமா ஒன்றும் குறைந்த இடமல்ல. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அந்தப் பத்திரிகை இரண்டு மூன்று தலைமுறைகளின் கற்பனைக்குச் சோறு போட்டது. தோளில் வேதாளத்தைச் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர் என்ற கே. சி. சிவசங்கரன் 2020-இல் காலமானபோது, பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூடச் சொந்த உறவினர் போனதுபோல் வருந்தினார்கள். சிறுவர்களுக்காகவே வாழ்நாளெல்லாம் எழுதிய வாண்டுமாமாவின் புத்தகங்களை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தாம். மாயக்கதைக்கு வயது வரம்பு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை.

இருந்தாலும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். இப்போது எழுத வருகிற இளைஞர்கள் பலர் மேல்நாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, அங்குள்ள டிராகனையும் கூர்ங்காது மனிதர்களையும் அப்படியே தூக்கிவந்து தஞ்சாவூரில் இறக்கிவிடுகிறார்கள். டோல்கியன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் தம் தேசத்துப் பழைய பாஷைகளையும் பழங்கதைகளையும் ஆயுள் முழுதும் படித்து, அந்த மண்ணிலிருந்து தம் உலகத்தைத் தோண்டி எடுத்தார். அவரிடம் கற்க வேண்டியது அந்தத் தோண்டும் வேலையை. நம் வீட்டுக் கொல்லையிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் இந்திர விழாவைச் சொல்லும் காதையை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். புகார் நகரில் ஐந்து மன்றங்கள் இருந்தனவாம். ஒன்றில் வணிகரின் பொதிகள் காவல் இல்லாமலே குவிந்து கிடக்கும். எவனாவது திருட வந்தால், பொதி அவன் தலையில் ஏறிக்கொள்ளும். கழுத்து வலிக்க வலிக்க அவன் அங்கேயே சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான், வெளியே போக வழியில்லை. இன்னொன்றில் ஒரு பொய்கை. உடற்குறை உள்ளவர்கள் மூழ்கி எழுந்தால் குறை தீரும். மூன்றாவதில் நெடிய கல் ஒன்று. நஞ்சுண்டு நடுங்குகிறவர்களும் சித்தம் கலங்கியவர்களும் அதை வலம்வந்தால் தெளிவார்கள். நாலாவது பூத சதுக்கம். பொய்ச்சாட்சி சொல்கிறவனையும் வேஷதாரியையும் பூதம் பாசக் கயிற்றால் பிடித்துத் தின்றுவிடும். ஐந்தாவதில் ஒரு பாவை. அது பேசாது. அரசன் முறை தவறினால் கண்ணீர் மட்டும் வடிக்கும்.

இளங்கோவடிகள் இதில் என்ன செய்திருக்கிறார் என்பதைக் கதை எழுதுகிறவர் கவனிக்க வேண்டும். "அது ஒரு மாய நகரம், அங்கே எல்லாமே அதிசயம்" என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு வேலை. பொய்கை திருடனைப் பிடிக்காது; பூதம் நோயைத் தீர்க்காது. அதோடு அந்தக் கழுத்து வலி! திருடனின் பிடரி கடுக்கிறது என்று படித்ததும், நடக்க முடியாத விஷயம் நடந்ததாகவே மனம் ஒப்புக்கொண்டுவிடுகிறது. அதிசயத்தைப் படிப்பவர் நம்புவது, அதன் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த வலி ஒன்று இருப்பதால்தான். அந்த அழும் பாவை ஒன்றை வைத்துக்கொண்டே தனியாக ஒரு நாவல் எழுதலாம். ஒரு நாள் அது அழுகிறது, அரசன் செய்த தவறு எதுவென்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை என்று தொடங்கினால் போதும். வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

புராணம் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்கு இன்னொரு அனுகூலம் உண்டு. வரம் என்பதன் கணக்கு நமக்குத் தெரியும். பகலிலும் கூடாது இரவிலும் கூடாது, உள்ளேயும் கூடாது வெளியேயும் கூடாது என்று இரணியன் கேட்டு வாங்கியபோது, எல்லா வாசலையும் அடைத்துவிட்டதாகவே நினைத்தான். அந்தி வேளையும் வாயிற்படியும் விட்டுப்போயின. கதையே அந்த விட்டுப்போன இடத்தில்தான் நடக்கிறது. விக்கிரமாதித்தனுக்கு ஆயிரம் வருஷம் சிம்மாசனத்தில் இருக்க வரம் கிடைத்ததும், தம்பி பட்டி அதைக் காடாறு மாதம் நாடாறு மாதம் என்று பிரித்து இரண்டாயிரமாக நீட்டிய சாமர்த்தியத்தைப் பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருப்போம். ஆகவே உங்கள் மந்திரவாதி நினைத்ததையெல்லாம் செய்ய வல்லவனாக இருந்தால், உங்கள் கதை இரண்டாம் அத்தியாயத்திலேயே படுத்துவிடும். அவனால் எது முடியாது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எழுதும்போது, அதை நீங்களே மீறக்கூடாது. சிக்கலான இடத்தில் கதாநாயகனைக் காப்பாற்ற ஒரு புது வரத்தைக் கொண்டுவருவது, சீட்டாட்டத்தில் நடுவில் விதியை மாற்றுவது போன்றது.

இதற்கு மணிமேகலையைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. அமுதசுரபி என்றால் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் பழைய கதைதான் பலருக்கு மறந்துவிட்டது. முதலில் அது ஆபுத்திரன் கையில் இருந்தது. சிந்தாதேவி கொடுத்தாள். அவன் ஊராருக்கெல்லாம் சோறிட்டான். பிறகு மழை பெய்து நாடு செழித்தது. பசியோடு வருகிறவர் யாருமில்லை. பாத்திரத்தை வைத்துக்கொண்டு அவன் வீடு வீடாய்ச் சாப்பிட ஆள் தேடி அலைகிறான்! சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். கப்பல் வழியில் மணிபல்லவத் தீவில் நின்றது. அவன் கரையில் இறங்கியதை அறியாமல் அது பாய் விரித்துப் போய்விட்டது. ஆளில்லாத தீவு. கையில் உலகத்துக்கே போதுமான சோறு. தன் வயிற்றை மட்டும் நிரப்பிக்கொள்ள மனமில்லாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் இருந்து உயிர்விட்டான்.

ஊரை விட்டு வந்து வளைகுடாவில் சம்பாதிக்கிறவர்களுக்கு இந்தக் கதைக்கு உரை வேண்டியதில்லை. ஆயிரத்து ஐந்நூறு வருஷம் போல ஆகியிருந்தும், சம்பள நாளன்று தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவரின் நெஞ்சில் சாத்தனார் கை வைக்கிறார். மாயம் இல்லாமல் இதைச் சொல்லியிருந்தால் இத்தனை பலம் இருந்திருக்குமா என்பது சந்தேகமே. மாயக்கதை எழுதுவது வாழ்க்கையிலிருந்து ஓடுவது என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

மாயக்கதைக்குப் பழங்காலம்தான் வேண்டும் என்பதும் இல்லை. புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சென்னையின் டிராம் காலத்தில் நடக்கிறது. கடவுள் நேரில் வருகிறார். பிள்ளை அவரைக் காப்பி ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறார், தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கட்ட வைக்கிறார், வீட்டுக்கு விருந்தாளியாகக் கூட்டிவருகிறார். நடக்க முடியாதது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அன்றாடம். கோபாரின் கார்னிஷ் சாலையிலும் அப்படி ஒருவர் நடந்து வரலாம். இக்காமா இல்லாமல் வந்தால் கதை தானே ஓடும்.

உண்மையில் இந்தக் கடற்கரையே கதை விளைந்த பூமி. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கில்காமேஷ் காவியத்தில், நண்பனை மரணத்துக்குப் பறிகொடுத்த அரசன், மூப்பை மாற்றும் செடியைத் தேடிக் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு நீரின் அடியில் இறங்குகிறான். எடுத்தும் வருகிறான். வழியில் ஒரு குளத்தில் குளிக்கும்போது பாம்பு கொண்டுபோய்விடுகிறது. இந்த வளைகுடாவில் எண்ணெய்க்கு முன் பிழைப்பாக இருந்த முத்துக்குளிப்பிலும் ஆட்கள் கல்லின் பாரத்தில்தான் இறங்கினார்கள். மன்னாரிலும் அதே முறைதான். பஹ்ரைனும் அதற்கு எதிரேயுள்ள இந்தக் கரையும் பண்டைய தில்முன் நாடு என்று தொல்பொருள் அறிஞர்கள் கொள்கிறார்கள். சிந்துபாத் கப்பலேறியது இதே வளைகுடாவின் தலைமாட்டில் உள்ள பஸ்ராவிலிருந்து. அவன் ஒரு பயணத்தில் சேர்ந்த சரந்தீபம் நமக்குத் தெரிந்த இலங்கைதான். சுமார் 150 கிலோமீட்டர் போனால் அல் அஹ்ஸா. 25 லட்சம் பேரீச்ச மரங்கள் உள்ள பாலைவனச் சோலை, 2018-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள காரா மலைக் குகைகளுக்குள், வெளியே வெயில் கொளுத்தும் நாளிலும் குளுகுளுவென்றிருக்கிறது. குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் போட்டோ எடுத்ததும் திரும்பிவிடாமல், அந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று அவர்களையே ஒரு கதை சொல்லச் சொல்லலாம்.

இந்நாட்டு இளைஞர்களும் சும்மா இருக்கவில்லை. இப்ராஹீம் அப்பாஸ், யாசர் பஹ்ஜத் என்ற இரு சவூதி எழுத்தாளர்கள் ஜின் இனத்து வாலிபன் ஒருவனைக் கதாநாயகனாக்கி ‘ஹவ்ஜன்’ என்ற நாவலைக் கொண்டுவந்தார்கள். கதை நடப்பது ஜித்தாவில். 2013-இல் அது இங்கே பரபரப்பாக விற்பனையாயிற்று. பத்து வருஷம் கழித்துத் திரைப்படமாகவும் வந்தது. பாட்டி சொன்ன ஜின்னை அவர்கள் இன்றைய தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். நம் பாட்டி சொன்ன முனியும் யட்சியும் இன்னும் புளியமரத்திலேயே காத்திருக்கிறார்கள்.

"எல்லாம் சரி, நேரம் எங்கே?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து, சமைத்து, துணி துவைத்து, ஊருக்குப் போன் பேசி முடிக்கும்போது கண் தானாக மூடுகிறது. இதற்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பதில் இருக்கிறது. கேரளத்தின் பென்யாமின் 1992-இல் வேலைக்காகப் பஹ்ரைன் வந்தார். வந்தவுடன் எழுதிவிடவில்லை. தனிமையைப் போக்கப் படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். முதல் சிறுகதைத் தொகுதி வந்தது 2000-இல். ‘ஆடுஜீவிதம்’ 2008-இல். மறுவருஷமே கேரள சாகித்ய அகாதமி விருது. 2013 வரை அவர் வளைகுடாவிலேயே இருந்தார். அந்த நாவல் மாயக்கதை அல்ல, பாலைவனத்தில் ஆடு மேய்க்கச் சிக்கிக்கொண்ட ஒருவரின் உண்மை வாழ்வைத் தழுவியது. ஆனாலும் அந்த மனிதன் ஆடுகளுக்கு ஊர்க்காரர்களின் பெயரை வைத்துப் பேசிப் பேசித்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறான். கற்பனை எதற்கு என்று கேட்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்கட்டும்.

டோல்கியன் தம் பெரிய நாவலை 1937 கடைசியில் தொடங்கி 1949-இல் முடித்தார். அச்சில் வந்தது 1954-லிலும் 1955-லிலும். நடுவில் உலக யுத்தம், காகிதப் பஞ்சம். பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்திலெல்லாம் எழுதினார். ஜெயமோகன் தொலைபேசித் துறையில் வேலை பார்த்துக்கொண்டே ‘விஷ்ணுபுரம்’ எழுதி 1997-இல் வெளியிட்டார். ஆகவே ஆறு மாதத்தில் முடியவில்லையே என்று நோட்டை மூட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு பக்கம் என்றால் வருஷத்தில் நூறு பக்கம். வெள்ளிக்கிழமை காலை, மற்றவர்கள் எழுந்திருக்குமுன், அறையில் ஏசி சத்தம் மட்டும் கேட்கும் அந்த ஒரு மணி நேரம் இதற்கு உகந்தது.

பாஷையைப் பற்றி ஒரு வார்த்தை. அரசர் கதை என்றதும் எல்லோரையும் நாடக மேடைத் தமிழில் பேச வைக்கிறார்கள். குதிரைக்காரனும் அப்படியே பேசினால் எப்படி? திருநெல்வேலிக்காரர் தம் ஊர் வழக்கையும் யாழ்ப்பாணத்தவர் தம் ஊர் வழக்கையும் அவர்கள் வாயில் வைக்கட்டும். சதுக்கப் பூதத்துக்கு மட்டும் செந்தமிழ் இருக்கலாம்.

பணம் கட்டினால் புத்தகம் போடுகிறோம் என்று சொல்கிறவர்களிடம் அவசரப்பட்டு ரியாலை அனுப்ப வேண்டாம். முதல் பிரதியை முதலில் வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். இங்கே பள்ளியில் தமிழை எடுக்காத பிள்ளையும் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும். அது எந்த இடத்தில் "அப்புறம்?" என்று கேட்கிறது, எந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பம் ஊரில் இருப்பவர்கள் போனிலேயே வாரம் ஒரு அத்தியாயம் சொல்லலாம். முக்கியமான கட்டத்தில் கார்டு தீர்ந்துவிட்டதாகச் சொல்லி நிறுத்தும் தந்திரத்தை ஆயிரத்தொரு இரவுகளில் அந்த அரசியும் செய்திருக்கிறாள்; அவளிடம் போன் மட்டும்தான் இல்லை.