கற்பவர் கொண்டுவரும் தாள்

சென்ற மாதம் ஒரு பயிற்சி மையத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை பார்க்கும் அம்மையார் ஒருவர், நகைக் கடன் பட்டியல் ஒன்றை எக்செலில் ஏற்றிக்கொண்டிருந்தார். பதினெட்டு வரிகள். முடித்ததும் கைப்பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தார். திரையைப் பார்த்தபடி ஒவ்வொரு தொகையாக அழுத்திக் கூட்டினார். பிறகு கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டினார். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் விடையைப் பத்தொன்பதாவது வரியில் அடித்தார்.

பயிற்றுநர் இளைஞர். "அம்மா, இதுக்கு ஃபார்முலா இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே வந்து, மவுஸை வாங்கி, இரண்டு கிளிக்கில் கூட்டுத்தொகையைக் கொண்டுவந்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். அம்மையார் அந்த எண்ணையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கால்குலேட்டரை எடுத்து, கணினி சொன்னது சரிதானா என்று கூட்டிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவில்லை. அவரிடம் தவறே இல்லை. இருமுறை கூட்டிச் சரிபார்ப்பது கணக்கு எழுதுபவரின் நல்ல பழக்கம்; பேரேட்டில் ஒரு ரூபாய் உதைத்தால் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து தேடியவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. அவருக்குக் காட்டியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: "ஏழாவது வரியில் தொகையை மாற்றுங்கள், கடைசி வரியைப் பாருங்கள்." ஒரு தொகை மாறினால் மொத்தமும் தானே மாறுகிறது. கால்குலேட்டரால் முடியாத காரியம் அது. மவுஸ் அவர் கையிலேயே இருந்திருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் எக்செல் எதற்காக இருக்கிறது என்பதை அவரே கண்டுபிடித்திருப்பார்.

இந்த இதழைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் பயிற்றுநர்கள். மையம் நடத்துபவர்கள், தட்டச்சு நிலையத்தைக் கணினி மையமாக மாற்றியவர்கள், துறைப் பயிற்சிகளில் வகுப்பெடுப்பவர்கள். உங்களிடம் நேராகவே சொல்கிறேன். நாம் மென்பொருளின் மெனுவை வரிசையாக நடத்திக்கொண்டிருக்கிறோம். கற்பவரின் வேலையை நடத்துவதில்லை. ஃபைல் மெனு, எடிட் மெனு, இன்செர்ட் மெனு என்று இடமிருந்து வலமாகப் போகிறோம். பாடம் முடிகிறது, சான்றிதழ் வருகிறது. அலுவலகத்தில் போய் உட்கார்ந்தவர் முதல் கடிதத்திலேயே திணறுகிறார்.

சான்றிதழைக் குறைத்துச் சொல்லவில்லை. சி.ஓ.ஏ. என்று நாம் அழைக்கும் அலுவலகத் தானியக்கச் சான்றிதழ் பலருக்கு வேலைக்கான வாசல். அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாகத் தட்டச்சராகத் தேர்வாகிறவர் அதை முன்பே பெற்றிருக்காவிட்டால், தகுதிகாண் பருவத்துக்குள் பெற வேண்டும். அதற்காகத் தேர்வுக்குப் படிப்பிப்பது நியாயம்தான். ஆனால் தேர்வு கேட்கும் கேள்விகளோடு வகுப்பு முடிந்துவிடக் கூடாது.

நம்மிடம் வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஏற்கெனவே ஒரு முறையில் வேலை செய்து பழகிய கையோடு வருகிறார்கள். அந்தப் பழக்கம் எது என்று தெரியாமல் புதியதைக் கற்பிக்க முடியாது.

தட்டச்சு இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் தொடங்கிய தட்டச்சு இயந்திர உற்பத்தியை 2009-இல் நிறுத்திவிட்டது. இயந்திரம் போனாலும் அது பழக்கிய கைகள் இன்னும் நம் வகுப்பறைகளில் இருக்கின்றன. காலை ஆறு மணி பேட்சில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' அடித்து, இளநிலையில் நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலையில் 45 சொல் என்று தேறி வந்தவர்களின் வேகம் பெரிய சொத்து. ஆனால் அந்தக் கைகளுக்கு வரி முடிந்தால் மணி அடிக்க வேண்டும், மணி அடித்தால் நெம்புகோலைத் தள்ள வேண்டும். அதனால் வேர்டிலும் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டுகிறார்கள். அதிகாரி கடிதத்தின் நடுவே ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னால் பத்தி முழுவதும் சிதறுகிறது. 'பொருள்', 'பார்வை' என்று எழுதி முக்காற்புள்ளிகளை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்த ஸ்பேஸ் பாரை எண்ணி எண்ணித் தட்டுகிறார்கள். எழுத்துருவின் அளவை மாற்றினால் அந்த நேர்க்கோடு வளைந்து நெளிந்துபோகிறது. 1 என்ற எண்ணுக்குத் தனி விசை இல்லாத பழைய இயந்திரங்கள் உண்டு. ஆங்கிலத்தின் சிறிய 'எல்' எழுத்தைத்தான் எண்ணாக அடிப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு எக்செலுக்கு வந்தவரின் பட்டியலில் கூட்டுத்தொகை ஏன் குறைகிறது என்று ஒரு மதியம் முழுக்கத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

இவர்களிடம் "என்டர் தட்டாதீங்க" என்று பத்து முறை சொல்வதால் பயனில்லை. மறைந்திருக்கும் பத்திக் குறியை ஒரு முறை திரையில் காட்டுங்கள். தாம் தட்டிய ஒவ்வொரு என்டரும் ஒரு குறியாக நிற்பதைக் கண்ணால் பார்த்தவர் மறுநாள் தட்டுவதில்லை.

அடுத்தது எண். இங்கே தவறு நடந்தால் பணமே வழிமாறிப் போகும் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பயனாளிகள் பட்டியலை எக்செலில் ஏற்றுவது இன்று எந்தக் கீழ்நிலை அலுவலகத்திலும் அன்றாட வேலை. ஆதார் எண்ணுக்கு 12 இலக்கம். கட்டத்தைப் பொது வடிவில் விட்டுவிட்டு அந்த எண்ணை அடித்தால், எக்செல் அதை அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். பார்ப்பவர் பதறிப்போகிறார். அதைவிட ஆபத்தானது வங்கிக் கணக்கு எண். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் சுழியமாகிவிடும். எண்ணின் முன்னால் இருக்கும் சுழியங்கள் மறைந்தே போகும். எச்சரிக்கை மணி எதுவும் அடிக்காது. அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட வேண்டும். ஒரு வரியில் முடியும் பாடம். ஆனாலும் நான் பார்த்த வகுப்புகளில் பை சார்ட் வரையக் கற்றுக்கொடுத்தவர்கள் பலர். இதைச் சொன்னவர்கள் இருவர்தான்.

தேதியும் அப்படித்தான். நம் அலுவலகங்களில் 12.05.2024 என்று புள்ளி வைத்து எழுதுவது வழக்கம். கணினியின் வழக்கமான அமைப்பில் எக்செல் அதைத் தேதியாகக் கொள்ளாது. வெறும் எழுத்தாகத்தான் கொள்ளும். பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கச் சொன்னால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். "கம்ப்யூட்டர் தப்பா அடுக்குது சார்" என்பார்கள். சாய்கோடு போட்டு அடிக்கச் சொல்லுங்கள். அச்செடுக்கும்போது புள்ளியாகத் தெரிய வேண்டுமானால் அதற்கு வடிவமைப்பு இருக்கிறது என்று அடுத்த நாள் காட்டுங்கள்.

இனித் தமிழ். நம் துறை அதிகம் கடன்பட்டிருப்பதும் அதிகம் அலட்சியம் காட்டியதும் இதில்தான்.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு தரப்படுத்தியது. 2010 ஜூனில் யூனிகோடை அரசு ஏற்றது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் பழைய குறியேற்ற எழுத்துருக்களில் அடித்த கடிதங்கள் அலுவலகங்களுக்குள் உலவுகின்றன. பாமினியில் 'தமிழ்' என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். அந்தக் கோப்பைத் தேட முடியாது, இணையப் படிவத்தில் ஒட்ட முடியாது, பார்வையற்ற ஊழியரின் திரைவாசிப்பான் அதைத் தமிழாகப் படித்துக் காட்டாது. ஊழியர் ஒருவரின் பல ஆண்டு உழைப்பு ஓர் எழுத்துருவை நம்பிக் கிடக்கிறது.

யூனிகோடுக்கு வந்தவர்களிடமும் தட்டச்சு இயந்திரம் கூடவே வந்திருக்கிறது. இயந்திரத்தில் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அந்த வரிசையில்தான் அடிப்போம். 'கெ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு ககரம். யூனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. பெரும்பாலான மென்பொருள்கள் இதைத் தாமே சரிசெய்துவிடுகின்றன. சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. 'கௌரி' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'கெ' அடித்துவிட்டுப் பக்கத்தில் ளகரத்தை அடித்துவிடுகிறார்கள். தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கணினிக்கு அது 'கெளரி', வேறொரு பெயர். பயனாளிகள் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயரைத் தேடினால் "இல்லை" என்று வரும். பட்டியலில் பெயர் இல்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்99 கடினம் என்ற பேச்சு கற்றுக்கொடுக்காதவர்கள் கிளப்பியது என்பது என் உறுதியான கருத்து. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கு. 'அம்மா' என்று அடிக்க நான்கே தட்டல்: அ, ம, ம, ஆ. ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுகிறது. 'தங்கம்' அடிக்கும்போது ஙகரத்துக்குப் பின் ககரம் வந்தால் அங்கேயும் புள்ளி தானே விழும். தமிழின் இலக்கணத்தை அறிந்து செய்த அமைப்பு அது. எப்போதாவது நாலு வரி அடிப்பவருக்கு ஒலிபெயர்ப்பு முறை போதும். கைப்பேசியில் பேசி எழுதவைத்து எடுத்துக்கொள்வதையும் நான் தடுக்க மாட்டேன். நாள் முழுவதும் தமிழ் அடித்துப் பிழைக்கப் போகிறவருக்கு மட்டும் தமிழ்99 கற்றுக்கொடுக்காமல் அனுப்பாதீர்கள்.

இளைஞர்களின் சிக்கல் வேறு. கைப்பேசியில் விரல் பறக்கிறது, "ஃபைல் எங்கே வச்சிருக்கே?" என்று கேட்டால் "வாட்ஸ்அப்ல இருக்கு சார்" என்கிறார்கள். கோப்பு ஓரிடத்தில் இருக்கிறது, அந்த இடத்துக்குப் பெயர் உண்டு என்ற எண்ணமே அவர்களுக்குப் புதிது. இதில் மூத்த எழுத்தர்கள் நமக்கே ஆசிரியர்கள். தபால்களைப் பதியும் தன்பதிவேட்டைப் பராமரித்தவருக்குக் கோப்புறை என்பதை விளக்கவே வேண்டாம். பிரிவு, ஆண்டு, கோப்பின் ந.க. எண் என்று அவர் மனதில் அலமாரி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சிறு இடறல் மட்டும்: ந.க. எண்ணில் வரும் சாய்கோட்டை விண்டோஸ் கோப்புப் பெயரில் ஏற்காது, சிறுகோடு போட வேண்டும். ஒரு மேசையில் மூத்தவர் ஒருவரையும் இளையவர் ஒருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பாருங்கள். ஒருவர் விசையைக் கற்றுக்கொடுப்பார், மற்றவர் ஒழுங்கைக் கற்றுக்கொடுப்பார்.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். "ஏதாவது அமுக்கிட்டா கெட்டுப்போயிடுமா தம்பி?" என்ற கேள்வியைக் கேட்காத பயிற்றுநர் நம்மில் இல்லை. பதில், கன்ட்ரோல் இசட். அதைப் பத்தாவது வகுப்பில் ஒரு குறுக்குவழியாகச் சொல்லாமல், முதல் நாள் முதல் பாடமாக வையுங்கள். ஒரு பத்தியை முழுவதுமாக அழிக்கச் சொல்லுங்கள், பிறகு திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

பயம் தெளிந்தவருக்கு வேறோர் அச்சத்தை நாம்தான் ஊட்ட வேண்டும். அதிகாரியின் பாஸ்வேர்டு எழுத்தரின் டைரியில் இருக்கிறது; சம்பளப் பட்டியலுக்கான ஓடிபியைப் போனில் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள்; டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் டோக்கன் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாரா அந்த அதிகாரி? மாட்டார். இதுவும் அதேதான் என்று வகுப்பில் சொல்லுங்கள். பிரச்சினை வரும்போது அந்தக் கணக்கில் வேலை செய்த கடைநிலை ஊழியர்தான் பதில் சொல்ல நேர்கிறது.

தொடக்கத்தில் சொன்ன அம்மையார் தம் விருப்பத்தால் மட்டும் வகுப்புக்கு வரவில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூனில் ஒப்புதல் தந்தது. அப்போதைய கணக்கில் நாடு முழுவதும் 63,000 சங்கங்கள், 2,516 கோடி ரூபாய். இயந்திரமும் மென்பொருளும் வந்துவிடும். பேரேட்டில் எழுதிப் பழகிய கைகளைத் திரைக்குக் கொண்டுவரும் வேலை நம்மைப் போன்றவர்களிடம் வருகிறது. ஓய்வுபெற நான்கு ஆண்டு இருக்கும் ஒருவர், மகன் வயதுப் பயிற்றுநரின் முன் தெரியாது என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தத் துணிவுக்கு நாம் மரியாதை காட்டும் வழி, அவர் கையிலிருந்து மவுஸைப் பிடுங்காமல் இருப்பது.

உங்கள் அடுத்த பேட்சில் இதைச் செய்து பாருங்கள். சேர்க்கையின்போதே, அவரவர் வேலையில் அதிகம் எழுதும் ஒரு தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வருகைப் பதிவேடு, இருப்புப் பட்டியல், நினைவூட்டுக் கடிதம், ரசீது, எதுவானாலும் சரி. பெயர், எண்களை மாற்றிவிட்டு அதையே முதல் வாரப் பாடமாக வையுங்கள். எங்கே தடுக்கியது, எது கைகொடுத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். வந்தவற்றை வரும் இதழ்களில் மாதிரிப் பாடங்களாக வெளியிடுகிறோம்.