மன்னாரின் காற்றும் தூத்துக்குடியின் கரைசலும்: காபன் குறைப்பின் சுமை யாருக்கு?

2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கான பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மறித்து வீதியில் இறங்கினர். பணிகளை ஒரு மாதம் இடைநிறுத்துவதாக ஜனாதிபதி அறிவித்தார். செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் பாதுகாப்புடன் பாகங்கள் மீண்டும் கொண்டுவரப்பட்டபோது மக்கள் மீது பலம் பிரயோகிக்கப்பட்டது. மன்னாரில் கடைகள் அடைக்கப்பட்டன.

'பூமியைக் காக்கும் திட்டத்தை ஏன் எதிர்க்கிறீர்கள்?' என்பது இம்மக்களிடம் கேட்கப்படும் கேள்வி. இதற்கு நியாயமான எதிர்க்கேள்வி ஒன்றுண்டு. நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி ஆலை புகை கக்குகிறது. அந்தப் புகையிலேயே காபனீரொட்சைட்டைப் பிடித்துவிட்டு எங்கள் தீவை விட்டுவிடலாமே?

விடையின் ஒரு பகுதி மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இருக்கிறது. தூத்துக்குடியிலுள்ள அல்கலி இரசாயனத் தொழிற்சாலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 தொன் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் திட்டம் 2016இல் தொடங்கியது. அரச மானியமின்றி அமைந்ததால் அது உலகச் செய்தியானது. பிடிக்கப்படும் வாயு நிலத்தடியில் புதைக்கப்படுவதில்லை. கண்ணாடி, சலவைத்தூள் தயாரிப்புக்கான சோடா சாம்பலாகச் சந்தைக்குப் போகிறது.

இத்தொழில்நுட்பத்தின் அடிப்படை அமைன் கரைசல். அமைன்கள் அமோனியாவிலிருந்து பெறப்படும் சேர்மங்கள். உயர்ந்த கோபுரத்தில் கரைசல் மேலிருந்து வழிய, புகை கீழிருந்து ஏறுகிறது. கோபுரத்தினுள் நிரப்பப்பட்ட உலோகத் தகடுகளின்மேல் கரைசல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. வாயு அப்படலத்தின் மேற்பரப்பினூடாகவே உள்ளே நுழைய வேண்டும். தகடு நனையாத இடத்தில் வேலை நடக்காது. நீரின் மேற்பரப்பு இழுவிசை 25 பாகை செல்சியஸில் மீற்றருக்கு 72 மில்லிநியூட்டன். அதிகம் பயன்படும் மொனோஎதனோல் அமைனுக்கோ அது 50க்கும் குறைவு. எனவே அமைன் சேர்த்த நீர் தகட்டை நன்றாக நனைக்கும். ஆனால் புகைத்தூசும் சிதைவுப் பொருட்களும் கலந்துவிட்டால் கரைசல் நுரைக்கும். நுரை பொங்கினால் கரைசல் வாயுவோடு வெளியேறும். கோபுரத்தின் திறன் விழும்.

பிடித்த வாயுவைப் பிரிக்கக் கரைசலை ஏறத்தாழ 120 பாகைக்குச் சூடாக்க வேண்டும். மின்நிலையத்தில் அந்த வெப்பம் மின் உற்பத்திக்கான நீராவியிலிருந்தே எடுக்கப்படும். வழக்கமான அமைன் முறையில் உற்பத்தியில் ஐந்திலொரு பங்கு அல்லது அதற்கும் மேல் இதற்கே போய்விடும். அதை ஈடுசெய்ய இன்னும் நிலக்கரி எரிக்க வேண்டும்.

அளவையும் பார்ப்போம். நிலக்கரியில் ஒரு அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். அப்படியானால் முழுத்திறனில் இயங்கும் நுரைச்சோலை, தூத்துக்குடி ஓராண்டில் பிடிப்பதை மூன்று நாட்களுக்குள் வெளியேற்றிவிடும். மறுபுறம், மன்னாரின் தென்கரையிலுள்ள தம்பபவனியின் 30 காற்றாலைகளின் திறன் 103.5 மெகாவாட். அதில் மூன்றிலொரு பங்கே ஆண்டு முழுதும் கிடைத்து, அது நிலக்கரி மின்சாரத்துக்குப் பதிலானால், ஏறத்தாழ 3 இலட்சம் தொன் மிச்சமாகும். தூத்துக்குடி பிடிப்பதைவிட இது ஐந்து மடங்கு.

ஆகவே காற்றாலை காபனைக் குறைக்கவில்லை என்று நாம் வாதிட வேண்டியதில்லை. குறைக்கிறது. கேள்வி வேறு. மிச்சமாகும் காபனின் நன்மை முழு நாட்டுக்கும் உலகுக்கும் போகிறது. வெள்ளம் வடிய வழியில்லை, கரைவலையில் மீன் குறைந்துவிட்டது, வலசைப் பறவைகளின் பாதை மறிக்கப்படுகிறது என்று முறையிடுவோரோ ஓர் ஒடுங்கிய தீவின் மக்கள் மட்டுமே. போரில் இடம்பெயர்ந்து, 1990இல் வெளியேற்றப்பட்டு, மீண்டும் வந்து குடியேறியவர்கள் இவர்கள். தங்கள் நிலம் பற்றிய முடிவு வேறெங்கோ எடுக்கப்படுவதை இவர்கள் முதன்முறையாகப் பார்க்கவில்லை.

இது காற்றோடும் முடியாது. தீவின் மணலில் இல்மனைட்டைத் தேடுகிறார்கள். 2011இல் மன்னார் படுகையில் கெயார்ன் நிறுவனம் இயற்கை வாயுவைக் கண்டறிந்தது. அது என்றாவது கரைக்கு வந்து, அதில் காபனீரொட்சைட்டோ ஐதரசன் சல்பைட்டோ கலந்திருந்தால், அதைச் சுத்திகரிக்கும் அமைன் கோபுரம் நம் கரையிலேயே எழக்கூடும். பழுதான கரைசல் எங்கே கொட்டப்படும், ஆவியாக வெளியேறுவதை யார் அளப்பது என்று அன்று கேட்க வேண்டியவர்களும் இதே மக்கள்தான்.

அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் மன்னார், பூநகரித் திட்டங்களிலிருந்து விலகியது. ஆனால் ஒரு நிறுவனம் போனால் இன்னொன்று வரும். எனவே எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான சில நிபந்தனைகளை மன்னார் கேட்க வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தமிழில் முழுமையாக வெளிவர வேண்டும். பாகங்கள் வந்திறங்கிய பிறகல்ல, இடம் தெரிவுசெய்யப்படும் முன்பே மக்களின் சம்மதம் பெறப்பட வேண்டும். வெள்ள வடிகாலையும் மீன்பிடியையும் சுயாதீனமானவர்கள் அளந்து பகிரங்கப்படுத்த வேண்டும். வருமானத்தில் தீவுக்கு உரிய பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்பவர்கள் அபிவிருத்தியின் எதிரிகள் அல்ல. தங்கள் ஊரில் தாங்களும் பேச இடம் கேட்பவர்கள்.