தற்குறிக்கு ஓட்டு எதற்கு?

"எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு எதற்கு? அவன் எவன் சொன்னாலும் கேட்பான், கை காட்டின இடத்தில் போடுவான்" என்று பேசும் மேதாவிகளை நாம் ஊர்தோறும் பார்க்கிறோம். இவர்கள் பேச்சு மேலுக்குப் புத்திசாலித்தனம் போலவே இருக்கும். ஆனால் அதன் உள்ளே இருப்பது இன்னது என்பதை அறிய வேண்டுமானால், ஆஸ்திரேலியா தேசத்தில் உள்ள ஒரு சட்டசபைத் தொகுதியின் வரலாற்றைச் சற்றுப் பார்த்தாலே போதும் என்போம்.

அத்தொகுதியின் பெயர் கிம்பர்லி. மேற்கு ஆஸ்திரேலியாவின் வட கோடியில் உள்ளது. பரப்போ 4 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல்; அதாவது நம் தமிழ்நாட்டைப் போல் மூன்று பங்கு. இவ்வளவு பெரிய பூமிக்குச் சட்டசபையில் பிரதிநிதி ஒரே ஒருவர். புரூம், டெர்பி, விண்டம், ஹால்ஸ் கிரீக் என்று சில சிறு ஊர்கள். மற்றதெல்லாம் மாட்டுப் பண்ணைகளும் வனாந்தரமும்தான். இந்தப் பூமியில் பல்லாயிரம் வருஷமாக வாழ்ந்து வருபவர்கள் கருநிறப் பூர்வகுடி மக்கள். வெள்ளையர்கள் அங்கு மாடு ஓட்டிக்கொண்டு வந்து குடியேறியது 1880-க்குப் பிறகுதான்.

வந்து பத்து வருஷம் ஆவதற்குள்ளாகவே, 1890-இல் வெள்ளையருக்குச் சட்டசபை வந்துவிட்டது. கிழக்குக் கிம்பர்லி, மேற்குக் கிம்பர்லி என்று இரண்டு தொகுதிகளும் ஏற்பட்டன. 1904-இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டுக் கிம்பர்லி என்ற ஒரே தொகுதியாயிற்று. அதன் முதல் மெம்பர் பிரான்சிஸ் கானர். 1917 முதல் 1924 வரை மெம்பராயிருந்தவர் எம். பி. டுராக். இருவரும் ஒரே மாட்டு வியாபாரக் கம்பெனியின் பங்காளிகள். அந்த மாடுகளை மேய்த்தவர்களும், பண்ணைகளில் வேலை செய்தவர்களும் யார்? பூர்வகுடி ஆண்களும் பெண்களுமே. அவர்களில் பெரும்பாலோருக்குக் கூலி ரொட்டியும், மாமிசமும், டீயும், புகையிலையும்தான். முதலாளிக்குப் பண்ணையும் உண்டு, சட்டசபையும் உண்டு. வேலைக்காரனுக்கு இரண்டும் இல்லை.

ஓட்டு விஷயத்தில் சட்டம் என்ன சொல்லிற்று தெரியுமா? 1893-ஆம் வருஷச் சட்டம், சொத்தில்லாத வெள்ளையனுக்கும் ஓட்டுக் கொடுத்தது. பூர்வகுடிக்கு மாத்திரம் சொந்த நிலம் இருந்தால்தான் ஓட்டு என்றது. நிலத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டவர்கள், நிலமிருந்தால் ஓட்டுத் தருகிறோம் என்று சொன்னது எப்பேர்ப்பட்ட தாராளம்! 1907-இல் அந்தக் கதவையும் அடைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா, ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் பூர்வகுடியாய்ப் பிறந்தவனுக்கு ஓட்டு இல்லை என்று எழுதிவைத்தார்கள். ஆசியா என்பதில் நாமும் அடக்கம் என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். சங்கராச்சாரியாரும் தோட்டியும் அந்தச் சட்டத்தின் முன் ஒரே ஜாதிதான்!

1924 முதல் 1953 வரை அத்தொகுதியில் தொழிற்கட்சி மெம்பர் கவர்லி இருந்தார். தொழிலாளர் கட்சி ஜெயித்தும் கருநிறத் தொழிலாளிக்கு ஓட்டு வரவில்லை. 1944-இல், தொழிற்கட்சி மந்திரிசபை இருந்தபோது, ஒரு "பிரஜா உரிமை"ச் சட்டம் செய்தார்கள். அதன்படி பூர்வகுடி ஒருவன் மாஜிஸ்ட்ரேட்டிடம் போய் சர்டிபிகேட் வாங்கினால் பிரஜையாகலாம். அதற்கு அவன் என்ன செய்ய வேண்டும்? நெருங்கின இரத்த பந்துக்களைத் தவிர தன் இனத்தார் உறவையெல்லாம் இரண்டு வருஷம் விட்டிருக்க வேண்டும். "நாகரிக வாழ்க்கை" வாழ வேண்டும். இங்கிலீஷ் பேச வேண்டும். குஷ்டம் முதலிய வியாதி இருக்கக் கூடாது. இவ்வளவுக்கும் பிறகு வாங்கின சர்டிபிகேட்டையும் சர்க்கார் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளலாம். தான் பிறந்த மண்ணில் தான் மனிதன் என்பதற்கு ஒருவன் சர்டிபிகேட் காட்ட வேண்டுமாம்! நாய்க்கு லைசென்ஸ் வாங்குவது போல் என்று பூர்வகுடிகளே அதை ஏளனம் செய்தார்கள்.

1962-இல்தான் சட்டப்படி ஓட்டு வந்தது. அதுவும் எப்படி? வெள்ளையர் ஜாபிதாவில் பெயர் பதியாவிட்டால் குற்றம். பூர்வகுடிகளுக்கோ, இஷ்டமிருந்தால் பதியலாம் என்றார்கள். இந்த வித்தியாசம் நீங்கினது 1983-இல்தான். இதற்கிடையில் 1968 டிசம்பரில் பண்ணை வேலையில் சம கூலி அமுலுக்கு வந்தது. கூலி கொடுக்க வேண்டும் என்றவுடன் எத்தனையோ குடும்பங்கள் பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, பிட்ஸ்ராய் கிராசிங் போன்ற ஊர்களின் ஓரத்தில் கூடாரம் போட்டுக் கிடந்தன. இப்படி வெளியேற்றப்பட்டவர்கள்தான் மெல்ல மெல்ல ஓட்டர் ஜாபிதாவில் ஏறினார்கள்.

இனிதான் நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்த விஷயம். 1977 பிப்ரவரியில் எலெக்ஷன். லிபரல் கட்சி மந்திரி ஆலன் ரிட்ஜ் ஒரு பக்கம். ஹால்ஸ் கிரீக்கில் பிறந்த பூர்வகுடி வம்சத்தவர் எர்னி பிரிட்ஜ், தொழிற்கட்சி அபேட்சகராக மற்றொரு பக்கம். எழுதத் தெரியாதவன் தன் விருப்பத்தைச் சொன்னால் சாவடி அதிகாரி குறித்துக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பெர்த் நகரிலிருந்து லிபரல் கட்சி ஏஜெண்டுகளாய் வக்கீல்கள் வந்து சாவடிகளில் உட்கார்ந்தார்கள். பூர்வகுடிகள் வந்தால் ஆட்சேபணை, கேள்விக்கு மேல் கேள்வி! கட்சி அச்சடித்த அட்டையைக் காட்டி, "இப்படியே போடுங்கள்" என்றால், அது விருப்பம் சொன்னதாகாது என்று தள்ளினார்கள். வெகுதூரம் வந்தவர்கள் ஓட்டுப் போடாமலே திரும்பினார்கள். ரிட்ஜ் ஜெயித்தது நூற்றுக்கும் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில்!

பிரிட்ஜ் சும்மா இருக்கவில்லை, நியாயஸ்தலத்துக்குப் போனார். நவம்பரில் அந்த எலெக்ஷன் செல்லாது என்று ஜட்ஜ் தீர்ப்புச் சொன்னார். சர்க்காருக்கு வெட்கம் வந்ததா? இல்லை. எழுதத் தெரியாதவருக்கு உதவும் வழியை இன்னும் சுருக்கவே மசோதா கொண்டுவந்து, அது நிறைவேறாமல் போயிற்று. டிசம்பரில் நடந்த மறு எலெக்ஷனில் ரிட்ஜே மறுபடியும் வந்தார். ஆனால் 1980-இல் பிரிட்ஜ் ஜெயித்தார். அந்த மாகாணச் சட்டசபையில் நுழைந்த முதல் பூர்வகுடி அவரே. 1986-இல் ஆஸ்திரேலியாவிலேயே முதல் பூர்வகுடி மந்திரியும் அவரே. அவருக்குப் பின் 2001-இல் வந்த கரோல் மார்ட்டின், அத்தேசத்தில் எந்தச் சட்டசபைக்கும் சென்ற முதல் பூர்வகுடிப் பெண். பின்பு ஜோசி பாரர், 2021 முதல் டிவினா டி'அன்னா ஆகியோரும் பூர்வகுடிப் பெண்களே.

நாம் கேட்கிறோம்: 1977-இல் தற்குறி, தற்குறி என்று விரட்டப்பட்டவர்கள் மூன்று வருஷத்தில் பி. ஏ. பாஸ் செய்துவிட்டார்களா? முந்தி நிறம் என்றார்கள். பிறகு நாகரிகம் என்றார்கள். அது போனபின் எழுத்து என்றார்கள். சாக்கு மாறியதே தவிர, சாக்குச் சொன்னவர்கள் நோக்கம் மாறவில்லை. எழுத்தறியாமை ஒரு குற்றமானால், பள்ளிக்கூடம் தராமல் மாட்டின் பின்னால் ஓட்டினவன்தானே குற்றவாளி? நம் நாட்டில் 1951-52 எலெக்ஷனில் பெட்டிக்குப் பெட்டி சின்னம் ஒட்டி, எழுத்தறியாத கோடிக்கணக்கான மக்கள் ஓட்டுப் போட்டார்கள். மனமிருந்தால் வழி கிடைக்கிறது. மனமில்லாவிட்டால் வக்கீல் கிடைக்கிறார்!

இன்னொரு வேடிக்கை: 2005-ஆம் வருஷச் சட்டப்படி, ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் குறையாத தொகுதிகளில், பரப்பு எண்ணில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் இல்லாத ஓட்டர்களை இருப்பதாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். விஸ்தாரமான பூமிக்கு ஒரு பிரதிநிதியாவது வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் வெறும் மண்ணைக்கூட ஓட்டராக மதிக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த மண்ணில் பிறந்த மனிதனை மதிக்க எவ்வளவு காலம் பிடித்தது, பாருங்கள்!

தோழர்களே! சட்டப் புஸ்தகத்தில் உரிமை ஏறினால் போதாது. ஓட்டுச்சாவடி வாசலில் அது செல்லுபடியாக வேண்டும். பிரிட்ஜ் விதி என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த வாசல் திறந்திருக்காது. உங்கள் ஊர் ஜாபிதாவில் உங்கள் பெயரும், உங்கள் வீட்டுப் பெண்கள் பெயரும், சேரியில் உள்ளவர்கள் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். "உனக்கு எதற்கு ஓட்டு?" என்று எவனாவது கேட்டால், "உனக்கு எதற்கோ அதற்குத்தான்" என்று நிமிர்ந்து நின்று சொல்லுங்கள்.